ஒன்பதாவது பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

கெப்பாலா பத்தாஸில் பார்த்த வீட்டில் இன்றோடு வேலை முடிந்தது. கடைசியாக ஒருமுறை பிள்ளை பெற்ற பெண்ணுக்கு மருந்துத் தண்ணீர் ஊற்றி, வயிற்றுக்குத் துணி கட்டி, பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். வாசல் வரைக்கும் வந்தாள். "அக்கா, என் ஃப்ரெண்டுக்குப் பத்தியம் பார்க்க ஆள் வேணும். உங்க வெப்சைட்ட கூகுள்ல தேடினேன், வரவே இல்ல லா!"

சிரித்து வைத்தேன். வராது என்று எனக்குத் தெரியும்.

யுகேந்திரன் அந்தத் தளத்தைச் செய்து கொடுத்து நான்கு மாதம் ஆகிறது. அவன் மனைவிக்குப் பத்தியம் பார்த்தவள் நான்; அந்த நன்றிக்குச் செய்து கொடுத்தான். "சைட்மேப் மட்டும் அனுப்பணும் அக்கா. உங்க சைட்ல என்னென்ன பக்கம் இருக்குன்னு ஒரு பட்டியல், அவ்வளவுதான். கூகுள்கிட்ட கொடுத்தா அது வந்து பார்த்துட்டுப் போய் எல்லாருக்கும் காட்டும்." எல்லாருக்கும் என்றான். அந்தச் சொல்லிலேயே நான் நின்றுவிட்டேன். நாளைக்கு, நாளைக்கு என்று நான்கு மாதம் ஓட்டிவிட்டேன்.

கிளாங்கை விட்டு வந்து மூன்று வருடம். நான் எங்கே இருக்கிறேன் என்று என் கணவன் கோகுலனுக்குத் தெரியாது. விவாகரத்துக்கு மனுப் போட்டால் முகவரி கொடுக்க வேண்டும் என்று அதைக்கூடச் செய்யவில்லை. அங்கே நான் புஷ்பா. இங்கே எல்லாருக்கும் வள்ளி.

அடுத்த வீடு எதுவும் கையில் இல்லை. இப்போது எல்லாரும் போனில்தான் ஆள் தேடுகிறார்கள்.

மார்ச் 6, வியாழன்

சலேஹா அக்காவிடம் சொன்னேன். ஜெலுத்தோங்கில் அவர் சாப்பாட்டுக் கடை கீழே, நான் மாடியில். நோன்பு நேரம், கடையில் ஆள் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"கட வச்சுட்டு போர்டு மாட்டாம இருந்தா எவன் வருவான் புள்ள?"

"யார் வருவான்னுதான் பயம் அக்கா."

உரிப்பதை நிறுத்திவிட்டு என் இடது மணிக்கட்டைப் பார்த்தார். கோகுலன் உடைத்த இடம். இன்னும் கொஞ்சம் வளைந்துதான் இருக்கிறது. "தளத்துல ஓம் முழுப் பேரு இருக்கா?" என்றார். இல்லை. "போட்டோ?" இல்லை. "அப்ப வள்ளிங்கிற பேருல பினாங்குல எத்தன பேரு இருப்பாங்க?"

சரிதான். வள்ளி என்று எத்தனையோ பேர்.

மார்ச் 7, வெள்ளி

அனுப்பிவிட்டேன்.

யுகேந்திரன் தைவானில் பயிற்சியில் இருக்கிறான். அவனுடைய தொழிற்சாலை அனுப்பியிருக்கிறது. குரல் பதிவில் ஒவ்வொன்றாகச் சொன்னான். இந்தப் பக்கத்தைத் திற, இடது பக்கம் சைட்மேப்ஸ் என்று இருக்கும், பெட்டியில் கோப்பின் பெயரைத் தட்டு, சமர்ப்பி. முதல் தடவை ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். 'கொண்டுவர முடியவில்லை' என்று சிவப்பில் வந்தது. வெட்கமில்லாமல் ஒரு நிம்மதி. கூகுளே வேண்டாம் என்று சொல்லிவிட்டதைப் போல.

இரண்டாம் தடவை பச்சை. 'வெற்றி. கண்டறிந்த பக்கங்கள்: 9.'

ஒன்பதா? எண்ணிப் பார்த்தேன். முகப்பு, சேவைகள், பத்தியச் சாப்பாடு, குளியல், பிள்ளைப் பராமரிப்பு, கேள்விகள், வாடிக்கையாளர் கருத்து, தொடர்பு. எட்டு. முகப்பை இரண்டு தடவை எண்ணியிருக்கும்.

மார்ச் 11, செவ்வாய்

ஒன்றும் வரவில்லை. நல்லதா, கெட்டதா?

மார்ச் 14, வெள்ளி

வந்துவிட்டது! பாலிக் புலாவிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். மனைவிக்கு ஏப்ரல் முதல் வாரம் பிரசவம், கூகுளில் பார்த்தார்களாம். மாலைக்குள் இன்னொரு விசாரிப்பு, ஆயர் ஈத்தாமிலிருந்து.

சந்தோஷம். அப்புறம் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. சலேஹா அக்காதான், பேரீச்சம்பழம் கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவ பேரச் சொல்லிக்கிட்டே ஏறுறேன்" என்றார்.

மார்ச் 19, புதன்

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

பாலிக் புலாவ் வீட்டுக்குப் பேசப் போயிருந்தேன். வீட்டுக்குப் பின்னால் சாதிக்காய்த் தோட்டம். நல்ல மனிதர்கள். மாமியார் தேநீர் கொடுத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"படத்துல முடி இடுப்பு வரைக்கும் இருந்துச்சு. வெட்டிட்டியாம்மா?"

"என்ன படம்மா?"

"ஒன்னோட படந்தான். சர்டிபிகேட்டோட இருந்துச்சே. புஷ்பவள்ளின்னு. அதப் பார்த்துத்தான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு."

நான் எந்தப் படமும் போடவில்லை. எந்தச் சான்றிதழும் போடவில்லை. மருமகள் போனை நீட்டினாள். நான்தான். கிளாங்கில் பயிற்சி முடித்தபோது எடுத்த படம். புஷ்பவள்ளி, தகப்பன் பெயர் அர்ஜுனன். கீழே சலேஹா அக்கா கடையின் முகவரி, 'மாடி' என்ற சொல் உட்பட.

தேநீரைக் குடித்தேன். என்ன பேசினேன் என்று தெரியவில்லை. பஸ்ஸில் என் முழுப் பெயரைத் தட்டித் தேடினேன். முதலில் வந்தது அந்தப் பக்கம்தான்.

அதுதான் அந்த ஒன்பது.

யுகேந்திரனைக் கூப்பிட்டேன். கத்திவிட்டேன், பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்கள். "ஸாரிக்கா, ஸாரிக்கா. அது நீங்க கொடுத்த சர்டிபிகேட்ட வச்சு முதல்ல செஞ்ச பக்கம். நீங்க வேணாம்னு சொன்னதும் மெனுவுல இருந்து எடுத்துட்டேன். பக்கத்த அழிக்கல. மெனுவுல இல்லாட்டியும் சைட்மேப்ல சேர்ந்துடும்." அவன் குரலும் உடைந்துவிட்டது. தோரணத்தைக் கழற்றிவிட்டு வாசலைத் திறந்தே வைத்ததைப் போல ஆகிவிட்டது.

அவனை மட்டும் சொல்லி என்ன? பட்டியலை நான் ஒருமுறை திறந்து வாசித்திருக்கலாம். ஒன்பது வரிதான்.

மார்ச் 20, வியாழன்

பக்கத்தை அழித்தாயிற்று. சைட்மேப்பில் இப்போது எட்டு. தேடலில் காட்டாமலிருக்கக் கூகுளிடம் தனியாக விண்ணப்பம் போட்டாயிற்று. மதியம் வரை பெயர் வந்துகொண்டிருந்தது. மூன்று மணிக்குத் தேடினேன், இல்லை. நான்கு மணிக்கும் இல்லை. நான்கரைக்கும்.

யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். யார் பார்க்கப் போகிறார்கள்?

மார்ச் 21, வெள்ளி

எந்தப் பக்கத்தை எந்த ஊரிலிருந்து பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்ளலாமாம். யுகேந்திரன் போனில் காட்டினான். காட்டாமல் இருந்திருக்கலாம்.

ஒன்பதாவது பக்கம். பாலிக் புலாவ், இரண்டு பேர். ஜார்ஜ் டவுன், ஒருவர்.

கிளாங், ஒருவர். மார்ச் 17. பதினான்கு நிமிடம்.

பதினான்கு நிமிடம் அந்தப் பக்கத்தில் வாசிக்க என்ன இருக்கிறது? ஒரு படம், ஒரு பெயர், ஒரு முகவரி.

"ஊர் பேரு எப்பவும் சரியா இருக்காது அக்கா. போன் லைன் எங்கே இருந்தோ காட்டும்" என்றான். சமாதானம் சொல்கிறான் என்பது குரலிலேயே தெரிந்தது.

மார்ச் 24, திங்கள்

அவன்தான். வேறு யார்? கோகுலன் சத்தம் போட மாட்டான், அதுதான் அவனிடம் பயம். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், வீட்டுக்குள் நடந்தால் தெரியாது. "புஷ்பா, இங்க வா" என்பான், பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி. போக வேண்டும்.

இன்று கடைத்தெருவுக்கு மூன்று வழி மாற்றிப் போனேன். பஸ் நிறுத்தத்தில் நீலச் சட்டை ஒருவர். பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தேன். என்னா வாழ்க்க இது?

மார்ச் 26, புதன்

ஆயர் ஈத்தாம் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கணவர்தான் பேசினார், மெதுவான குரல். தெரியாத வீட்டுக்குள் தனியாகப் போக என்னால் முடியாது. பாலிக் புலாவ் மட்டும் போவேன். அந்த மாமியாரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 31, திங்கள்

ஹரி ராயா, நோன்புப் பெருநாள். கீழே சொந்தக்காரர்கள் கூட்டம். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. ஒவ்வோர் ஆண் குரலுக்கும் எழுந்து நின்றேன். சலேஹா அக்கா தட்டோடு வந்தார், படியிலேயே பேரைச் சொல்லிக்கொண்டு. "மாடு இல்ல புள்ள, கோழி ரெண்டாங். கீழ வா, அத்தன பேருக்கு நடுவுல எவன் ஒன்ன என்ன செய்வான்?"

போகவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

தளத்தின் படிவத்தில் ஒரு செய்தி. அப்படியே எழுதி வைக்கிறேன்.

பெயர்: காமினி. ஊர்: கிளாங். சேவை: பத்தியம். 'அக்கா, நீங்க கோகுலன் வீட்ல இருந்தவங்களா? பதில் போடுங்க. இந்த நம்பருக்குப் போன் பண்ணாதீங்க. மத்தியானம் பன்னண்டுல இருந்து ரெண்டு வரைக்கும்தான் தனியா இருப்பேன்.'

காமினி என்று யாரையும் எனக்குத் தெரியாது. அவன் எழுதுகிறான். பெண் பெயரில் எழுதினால் நான் பதில் போடுவேன் என்று தெரியும் அவனுக்கு.

பதில் போட மாட்டேன்.

ஏப்ரல் 5, சனி

சலேஹா அக்கா செய்தியை நான்கு தடவை வாசித்தார். "அவனா இருந்தா எதுக்கு எழுதிக் கேக்கணும்? மேல்விலாசம்தான் கெடச்சிருச்சே. நேரா வந்து நிப்பான்."

ஆமாம். ஆனால் அவளாகவே இருந்தாலும், பக்கத்தில் அவன் உட்கார்ந்து எழுத வைத்தால்?

ஏப்ரல் 7, திங்கள்

பதில் போட்டேன். ஒரே ஒரு கேள்வி: 'உங்கள் குளியலறைக் கதவு எப்படி இருக்கிறது?'

பன்னிரண்டு ஐந்துக்கு வந்தது. 'தாழ்ப்பாள் கெடையாது அக்கா. எந்தக் கதவுக்கும் கெடையாது. கழட்டிட்டாரு.'

நான் போன பிறகும் அவன் திரும்ப மாட்டவில்லை. திருகாணி இருந்த ஓட்டைகளைக்கூட என்னால் பார்க்க முடிந்தது. இதை அவன் எழுத வைத்திருக்க மாட்டான். அவனுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமே இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

சலேஹா அக்கா கடை போனிலிருந்து பேசினோம். காமினி பக்கத்து வீட்டுக்காரியின் போனில். இருபத்தாறு வயது. கோகுலனோடு இருக்கிறாள், வயிற்றில் ஐந்து மாதம்.

"கோவம் வந்தா உங்க முழுப் பேரையும் சொல்வாரு அக்கா. 'புஷ்பவள்ளி அர்ஜுனன் மாதிரி ஓடலாம்னு பார்க்காத'ன்னு. எனக்கு அந்தப் பேரு மனப்பாடம். செத்துப் போயிட்டீங்களோன்னு நினைச்சேன். வாரா வாரம் தேடுவேன், ஒண்ணும் வராது. அன்னைக்கு வந்துச்சு. உங்க முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தேன்."

பதினான்கு நிமிடம்.

"அடுத்த வாரம் பார்த்தா பக்கத்தைக் காணோம். நல்லவேளை, போட்டோ எடுத்து வச்சிருந்தேன்" என்றாள். பிறகு கேட்டாள்: "எப்படி அக்கா வெளிய போனீங்க?"

நான் போனபோது என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. இன்று சொன்னேன். அடையாள அட்டை, கிளினிக் புத்தகம், ஒரு பை. பெட்டி வேண்டாம். அவன் காலை ஷிஃப்டில் இருக்கும் நாள். பஸ் டிக்கெட்டை நான் போடுகிறேன். பட்டர்வொர்த்தில் இறங்கி, தீவுக்கு வர ஃபெரி ஏறு.

சொல்லி முடித்த பிறகுதான் பயம் வந்தது. அவளுக்காக அல்ல, எனக்காகத்தான். அவள் வந்தால் அவன் தேடி வருவான். அதைத் தெரிந்துதான் சொன்னேனா?

ஏப்ரல் 10, வியாழன்

பாலிக் புலாவில் பிள்ளை பிறந்துவிட்டது. காலை போய் மதியம் திரும்புகிறேன். பன்னிரண்டு மணி ஆனால் அங்கேயும் கண் போனுக்குப் போகிறது.

ஏப்ரல் 16, புதன்

ஃபெரித் துறையில் பதினொன்றரையிலிருந்து நின்றேன். சலேஹா அக்கா குடையோடு வந்து பக்கத்தில் நின்றார். நான் வரச் சொல்லவில்லை.

முதல் ஃபெரியில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. பிடித்துவிட்டான் என்று நினைத்தேன். மூன்றாவதில், எல்லாரும் இறங்கிய பிறகு, வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒரு பெண். சின்ன உருவம். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"முடி வெட்டிட்டீங்க" என்றாள்.

பிறகு அழுதாள். சலேஹா அக்கா குடையை விரித்து இருவரையும் மறைத்துக்கொண்டார்.

போனை என்ன செய்தாய் என்று கேட்டேன். "அவரு வாங்கிக் கொடுத்தது, வீட்லயே வச்சுட்டு வந்தேன் அக்கா." நல்ல காரியம் என்றேன். கடைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவள் எடுத்து வைத்த படம் அந்தப் போனில் இருக்கிறது. பக்கத்தை நான் அழித்தேன். படத்தை யார் அழிப்பது?

ஏப்ரல் 17, வியாழன்

போலீஸ் நிலையம். அவள் ஒரு புகார், நான் ஒரு புகார். மூன்று வருடம் கழித்து எதற்கு என்று கேட்பார்கள் என்று பயந்தேன். பெண் அதிகாரி கேட்டார்தான். "இன்னிக்குத்தான் தைரியம் வந்துச்சு" என்றேன். பொய். இன்றும் வரவில்லை.

ஏப்ரல் 23, புதன்

பாதுகாப்பு உத்தரவு கையில் கிடைத்தது, இரண்டு பேருக்கும். அவனிடமும் ஒரு நகலைச் சேர்ப்பித்துவிட்டார்களாம். கைப்பையில் ஒன்று, சலேஹா அக்காவின் கல்லாவில் ஒரு நகல்.

ஏப்ரல் 28, திங்கள்

வந்தான்.

காலை பத்து மணி. நான் கடையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். எதிர்க்கடைகளின் ஐந்தடி நடைபாதையில் நின்றான், வெள்ளைச் சட்டை, தலை வாரி. சாலையைக் கடந்து வந்து வாசலில் நின்று சொன்னான், அதே குரல். "புஷ்பா. அவளக் கூப்பிடு. வீட்டுக்குப் போகலாம்."

கால் ஓர் அடி எடுத்து வைத்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. மூன்று வருடம் கழித்தும் கால் அவன் சொன்னதைக் கேட்டது.

சலேஹா அக்கா என் தோளைப் பிடித்தார். "தம்பி, சாப்பிட வந்தீங்கன்னா ஒக்காருங்க. இல்லாட்டி கோர்ட் பேப்பர் இங்க இருக்கு, வாசிச்சுக் காட்டவா?" உரக்கச் சொன்னார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ரொட்டி போடுகிற பஷீர் அண்ணன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசலில் நின்றார். அவருடைய போனில் போலீஸ்.

கோகுலன் எல்லாரையும் ஒருமுறை பார்த்தான். இத்தனை பேர் பார்க்க அவன் எதுவும் செய்ததில்லை. அவனுக்கு அது வராது. என்னைப் பார்த்து, இன்னும் மெதுவாக, "எத்தன நாளைக்கு?" என்றான்.

கால் அதற்கு மேல் நகரவில்லை.

தெருமுனையில் போலீஸ் அவனைப் பிடித்தது. மாடிக்கு ஓடினேன். காமினி கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அந்த இடுக்கில் நானும் உட்கார்ந்தேன்.

மே 9, வெள்ளி

ஜாமீனில் விட்டுவிட்டார்கள். இந்த மாநிலத்துக்குள் வரக் கூடாது. காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது.

மே 22, வியாழன்

விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போட்டேன். முகவரிக் கட்டத்தில் ஜெலுத்தோங் என்று எழுதினேன். அவனுக்குத்தான் தெரிந்துவிட்டதே.

ஜூன் 18, புதன்

யுகேந்திரன் திரும்பி வந்துவிட்டான். கடைக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்தான். "அந்தப் பக்கத்தத் திரும்பப் போடணும் தம்பி" என்றேன். நிமிர்ந்து பார்த்தான்.

பயம் போய்விட்டது என்று எழுத ஆசை. போகவில்லை. நேற்றுகூட மாடிப்படிச் சத்தத்துக்கு எழுந்து நின்றேன். ஆனால் இத்தனை வருடம் என் பெயரை வீட்டுக்குள் வைத்து மிரட்டியவன் அவன் ஒருவன்தான். அந்தப் பெயரைத் தேடுகிறவளுக்கு ஏதாவது கிடைக்கட்டும்.

புதிய படத்தைக் காமினி எடுத்தாள். குட்டை முடி, பல் தெரிகிறது. வாசகங்களை நானே எழுதினேன். புஷ்பவள்ளி அர்ஜுனன், பத்தியம் பார்ப்பவர். முகவரி இல்லை, போன் எண் மட்டும். சைட்மேப்பைத் திறந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தேன். ஒன்பது. பிறகு சமர்ப்பித்தேன்.

ஜூலை 7, திங்கள்

மூன்று விசாரிப்புகள். ஒன்றில் கணவர் பேசினார். போனேன். கதவைத் திறந்தவர் பயந்துபோன அப்பாவிப் பையன், கையில் பால்புட்டி.

ஆகஸ்ட் 21, வியாழன்

காமினிக்கு ஆண் பிள்ளை, செவ்வாய் காலை. இன்று ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்தோம்.

கால் நீட்டி உட்கார்ந்து பிள்ளையை முழங்கால் மேல் போட்டுக்கொண்டேன். எத்தனையோ பிள்ளைகளைக் குளிப்பாட்டியிருக்கிறேன். எண்ணெய் தேய்க்க விரல்களைப் பிரித்தபோது கை நின்றுவிட்டது. நீண்ட விரல்கள். மூக்கும் அப்படியே.

காமினி கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவர மாதிரியா இருக்கான் அக்கா?"

"பிறந்து ரெண்டு நாள்தானே ஆகுது. எல்லாப் பிள்ளைங்க மாதிரியும்தான் இருக்கான்" என்றேன். "நீ படு."

படுத்தாள். பிள்ளை என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒரு கைதான் மிச்சம். தண்ணீர் ஆறுவதற்குள் அந்தக் கையாலேயே செம்பை எடுத்து, மெதுவாகத் தலைக்கு ஊற்றினேன்.